காற்றில் வேர் விடும் செடியின் தாகம்

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிளை பிரிந்து கிழக்கு நோக்கிச் சமவெளிக்குள் நீண்டு கிடப்பதால், தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் ஒரு பங்கையும் வடகிழக்குப் பருவமழையில் பெரும் பங்கையும் பெறுகின்ற பாக்கியம் அதற்கு வாய்த்திருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த கோடைக்கானலில் ஆண்டுதோறும் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் அங்குள்ள சோலைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் ஆர்க்கிட் செடிகளின் ஜீவனத்தை மழையின் அளவு மாத்திரம் நிர்ணயித்துவிடுவதில்லை. ஒரு மழைக்கும் மறு மழைக்கும் இடையே மரங்களினூடே தவழ்ந்து செல்லும் மஞ்சும், அந்த மஞ்சைக் கலைத்துப் பட்டையை உலர்த்திவிட்டுப் போகும் காற்றும் சேர்ந்தே அவற்றைப் போஷிக்கின்றன. இவ்விரண்டில் மஞ்சை மட்டும் நினைவில் வைத்து, காற்றை மறந்து, கண்ணாடி வீட்டை இடைவிடாமல் நனைத்துக்கொண்டிருப்பவர்களிடத்தில்தான் ஆசையோடு வாங்கிய செடிகள் ஒவ்வொன்றாக அழுகிப் போகின்றன. ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் விடும் வித்தையில் பெரும் பகுதி அதை உரிய காலத்தில் உலரவிடும் வித்தையே என்பதைத் தாவர சாஸ்திரத்தின் துணைகொண்டு இங்கே விளக்க முயல்வோம்.

கோடைக்கானலுக்கும் ஆர்க்கிட்டுகளுக்கும் உள்ள சம்பந்தம் நெடுநாளையது. மலைச்சாலையில் நகரை நெருங்கும்போது எதிர்ப்படும் செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் திருஇருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அங்கு தங்கிப் பயின்ற துறவிகளுள் சிலர் வேத சாஸ்திரத்தோடு இயற்கை சாஸ்திரத்திலும் ஈடுபாடு கொண்டவர்களாக இருந்தமையால், காலக்கிரமத்தில் ஓர் அருங்காட்சியகமும், 300க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பேர்பெற்ற ஓர் ஆர்க்கிட் தோட்டமும் அவ்விடத்தில் உருவாயின. பிரெஞ்சு நாட்டவரான லூயி ஆங்லாட் பாதிரியார் இம்மலையின் தாவரங்களைத் தேடித் திரிந்து, அவற்றை வர்ணச் சித்திரங்களாகத் தீட்டி வைத்தார். அதே சபையைச் சேர்ந்த கே. எம். மாத்யூ பாதிரியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த பழனி மலைத் தாவர நூல் 1999இல் வெளியாயிற்று. இவர்கள் கண்டறிந்து பதிவு செய்தவற்றுள் வெண்மலர் பூக்கும் சீலோஜைன், பட்டையை ஒட்டித் தொங்கும் டெண்ட்ரோபியம், மணியளவே பூக்கும் ஓபரோனியா முதலிய மரவாசிகளும், மழைக்காலத்தில் புல்வெளிகளில் இளஞ்சிவப்புக் கதிராக எழும் சத்தீரியம் போன்ற நிலவாசிகளும் உண்டு. இவற்றுள் மரவாசிகளின் தாகமே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

மரத்தின் மேல் வாழ்வதால் ஆர்க்கிட்டை ஒட்டுண்ணி என்று எண்ணுவோர் பலர், அது தவறு. மரத்தின் சாற்றில் ஒரு துளியையும் அது உறிஞ்சுவதில்லை; நிற்பதற்கு ஓர் இடமும் வெளிச்சமும் மட்டுமே மரத்தினிடம் பெற்றுக்கொண்டு, தண்ணீரை வானத்திலிருந்து தானே சம்பாதித்துக்கொள்கிறது. அந்தச் சம்பாத்தியத்திற்கான கருவி அதன் வேர். காய்ந்திருக்கும்போது அவ்வேரைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். அதன் மேல் ஒரு கரண்டி நீரை ஊற்றியவுடன், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகளுக்குள் அந்த வெண்மை மறைந்து பச்சை நிறம் வெளிப்படும். வேரைச் சுற்றிலும் வெலாமென் எனப்படும் உறை ஒன்று இருக்கிறது. அது உயிர் நீங்கிய, உள்ளே காற்று மட்டும் நிரம்பிய செல்களால் பல அடுக்குகளாக ஆனது. காற்று நிறைந்திருக்கும்வரை அது ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தோன்றுகிறது. நீர் புகுந்ததும் ஒளி ஊடுருவுவதாகி, உள்ளே இருக்கும் பச்சைத் திசுவைக் காட்டுகிறது. இன்னும் சற்று உற்று நோக்கினால், நனைந்து பச்சையான வேரில் ஆங்காங்கே சிறு வெண்கோடுகள் நனையாமலே எஞ்சியிருப்பதையும் காணலாம். வேரின் மற்றப் பகுதியெல்லாம் நீரில் மூழ்கியிருக்கும் வேளையில் காற்று உட்சென்று வெளிவருவதற்கென்று இயற்கை ஒதுக்கி வைத்த வழிகள் அவை.

இந்த உறை ஏன் இத்தனை விரைவாக நீரைக் கவர வேண்டும்? மழை தொடங்கிய முதற்சில நிமிஷங்களில் மரக்கிளை வழியே வடியும் நீர், பட்டையில் படிந்திருந்த தூசியையும் பறவைகளின் எச்சத்தையும் உலர்ந்த பாசியின் சத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அதற்குப் பின் வருவது வெறும் நீரே. முதலில் வரும் சத்து நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் சில மணி நேரம் அதை நிதானமாக உள்ளே செலுத்துவதுதான் வெலாமெனின் தொழில். அத்தொழில் முடிந்தபின் உறை மீண்டும் காற்றால் நிரம்ப வேண்டும். நீரினூடே பிராணவாயு பரவும் வேகம் காற்றினூடே பரவுவதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே ஆதலால், உறை இரவும் பகலும் நீரால் நிரம்பியே இருக்குமாயின் உள்ளிருக்கும் உயிருள்ள திசு மூச்சு முட்டித் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் பூஞ்சணம் புகுகிறது. வேர் பழுப்பேறிக் குழைந்து போகிறது. வேர் அழுகிய செடி நீரை உறிஞ்ச இயலாமையால் அதன் இலைகள் வாடுகின்றன. வாடிய இலையைக் கண்டவர், செடிக்குத் தாகம் என்று கருதி மேலும் நீர் ஊற்றுகிறார். செடியின் மரணம் அத்துடன் நிச்சயமாகிறது. வாடிய ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் விடுவதற்கு முன் தொட்டியைக் கிளறி வேரைப் பார்த்தாக வேண்டும்.

இனி இலையைக் கவனிப்போம். இலையில் உள்ள நுண்துவாரங்கள் திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும்; அதே துவாரங்களின் வழியாக நீராவி வெளியே போகும். வாண்டா, பலேனாப்சிஸ் முதலிய தடித்த இலை ஆர்க்கிட்டுகள் பகலில் துவாரங்களை மூடிக்கொண்டு, காற்று குளிர்ந்து ஈரம் மிகுந்திருக்கும் இரவு வேளையில் அவற்றைத் திறந்து, உட்கொண்ட கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் சூரிய ஒளியில் அதைச் சர்க்கரையாக்கிக்கொள்கின்றன. இந்த விந்தையின் முதற்குறிப்புகளுள் ஒன்று நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. தரங்கம்பாடிக்கு மொரேவியன் சபை மிஷனரியாக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணிபுரிந்த பெஞ்சமின் ஹேன், நம்மவர் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று வேடிக்கையாக அழைக்கும் ரணகள்ளியின் இலையை மென்று பார்த்தார்; காலையில் நல்ல புளிப்பாக இருந்த இலை நடுப்பகலில் சுவையற்றுப் போனதைக் கண்டு அதிசயித்து அவர் எழுதிய கடிதம், 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதையே அவருடைய நாக்கு கண்டுபிடித்திருக்கிறது.

எல்லா ஆர்க்கிட்டுகளும் இவ்வாறு சிக்கனம் செய்வன அல்ல. சீலோஜைன் போன்று மெல்லிய இலை கொண்ட சோலைவாசிகள், மஞ்சு சூழ்ந்த இடத்தில் வாழ்வதால், பகலிலேயே துவாரங்களைத் திறக்கின்றன. அவற்றின் சேமிப்பெல்லாம் அடித்தண்டில் பருத்திருக்கும் போலிக் கிழங்குகளில் இருக்கிறது. அக்கிழங்குகள் வழவழவென்று இருந்தால் செடிக்குக் குறை ஒன்றுமில்லை. அவற்றில் ஆழமான சுருக்கங்கள் விழுந்தால் சேமிப்பு கரைகிறது என்று அர்த்தம். ஆகவே ஒரே கண்ணாடி வீட்டில் இரு வகையினரையும் வைத்திருப்பவர், தடித்த இலையினரை மேலே, வெளிச்சமும் காற்றும் மிகுந்த இடத்தில் தொங்கவிட்டு, மெல்லிலையினரைக் கீழே நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வைப்பது பொருத்தம்.

தண்ணீரைப் பற்றிப் பேசியதில் பாதி விஷயம் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றியதாகிவிட்டது. அதன் கணக்கையும் தெரிந்துகொள்வது அவசியம். காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு உஷ்ணத்தோடு கூடுகிறது: 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9.4 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17.3 கிராம், 25 டிகிரியில் 23 கிராம். தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட துணி நாள் முழுதும் உலராமல் கிடப்பதும், பங்குனி வெயிலில் ஒரு நாழிகையில் உலர்ந்துவிடுவதும் இந்தப் பங்கின் ஏற்றத்தாழ்வால் விளைவனவே. இலையும் அவ்வாறே உலர்கிறது. கோடைக்கானலில் தை மாதத்து விடியற்காலையில் 10 டிகிரியில் ஈரம் நிறைந்திருந்த காற்று, கண்ணாடி வீட்டுக்குள் காலை வெயில் பட்டு 25 டிகிரிக்கு உயரும்போது, அதில் உள்ள நீராவியில் ஒரு துளியும் குறையாமலே ஒப்பு ஈரப்பதம் 100லிருந்து 41க்கு இறங்கிவிடுகிறது. மலை உச்சியின் வெயில் சுள்ளென்று உறைப்பது. ஆகவே இம்மாற்றம் இரண்டொரு மணி நேரத்திற்குள் நிகழ்ந்துவிடும்.

இக்குறையை நிரப்ப எவ்வளவு நீர் வேண்டும்? 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கண்ணாடி வீட்டில் 100 கன மீட்டர் காற்று இருக்கிறது. அதன் ஈரப்பதத்தை 25 டிகிரியில் 41லிருந்து 65க்கு உயர்த்தத் தேவையான நீராவி சுமார் 550 கிராம். அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர். காற்று மாறிக்கொண்டே இருப்பதால் இதைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது உண்மையே. எனினும் அதைச் செடியின் தலையில் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பதை இக்கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. தரையில் பரப்பிய ஜல்லியையும் நடைபாதையையும் பெஞ்சுகளின் அடிப்புறத்தையும் முற்பகலில் நனைத்துவிட்டால் போதும். ஆவியாகும் நீர் காற்றுக்கு ஈரத்தைக் கொடுப்பதோடு, ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணத்தை உறிஞ்சி வீட்டைக் குளிர்விக்கவும் செய்கிறது. பனிக்கட்டியை ஒத்த குளிர்ந்த நீரில் ஏறக்குறைய ஆறு லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான உஷ்ணம் அது.

ஈரப்பதத்தை அளப்பதற்கு இரண்டு சாதாரண உஷ்ணமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிவிட்டால், நீர் ஆவியாகும் வேகத்திற்கு ஏற்ப அது குளிர்ந்து குறைந்த அளவைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகமாக இருந்தால் காற்று வறண்டிருக்கிறது, வித்தியாசமே இல்லையெனில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது. உலர் குமிழ் 20 டிகிரியும் ஈரக் குமிழ் 15 டிகிரியும் காட்டுமாயின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60. கோடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கிற்குச் சற்று மேல் என்பதால், சமவெளிக்கென்று அச்சிட்ட அட்டவணை இங்கே சில புள்ளிகள் குறைத்துக் காட்டும். மலைக்குரிய அட்டவணையைக் கொள்வதே முறை. பகலில் 60 முதல் 75 வரை இருந்தால் பெரும்பாலான ஆர்க்கிட்டுகளுக்குத் திருப்தியே.

ஈரம் வேண்டும் என்பதை உணர்ந்து, காற்றோட்டம் வேண்டும் என்பதை உணராமல் போனதன் விலையை மேலை நாட்டினர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடுத்தார்கள். வெப்ப மண்டலத்துச் செடி என்றாலே கடும் புழுக்கத்தில் வளர்வது என்று கருதிய ஆங்கிலேயர், அடுப்பு மூட்டிய அடைத்த கண்ணாடி வீடுகளில் ஆவி பறக்க ஆர்க்கிட்டுகளை வைத்து ஆயிரக்கணக்கில் மாய்த்தனர். சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டக்காரரான ஜோசப் பாக்ஸ்டன் உஷ்ணத்தைக் குறைத்து, ஜன்னல்களைத் திறந்து, தரையை நனைத்து வளர்க்கத் தலைப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. அவருடைய மாணவர் ஜான் கிப்சன் 1835இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, காசி மலைகளிலிருந்து திரட்டி 1837இல் கொண்டு சேர்த்த ஆர்க்கிட்டுகள் இவ்வாறே பராமரிக்கப்பட்டன. மலைச்செடிக்கு மலையின் காற்று வேண்டும் என்ற எளிய உண்மை அதன் பின்னரே தோட்டக் கலையில் இடம்பெற்றது.

கோடைக்கானலிலோ காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பருவத்திற்குப் பருவம் அதன் குணம் வேறுபடுகிறது. தை முதல் பங்குனி வரை வானம் தெளிந்து, பகலில் ஈரப்பதம் வெகுவாக இறங்கி, இரவில் பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும். தரையை நனைப்பதும் நிழல்வலை கட்டுவதும் இக்காலத்திற்கே முக்கியம். இரவெல்லாம் திறந்த தொட்டியில் குளிர்ந்து கிடந்த நீரை விடியற்காலையில் ஊற்றினால் பலேனாப்சிஸ் போன்றவற்றின் இலைத் திசு சிதைந்து குழிகள் விழும்; முந்திய நாளே நீரைக் கண்ணாடி வீட்டுக்குள் கொணர்ந்து வைத்து, வெயில் ஏறிய பின் விடுவது நலம். சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்து, புதுத் துளிர்களும் வேர்களும் புறப்படும்போது தாராளமாகத் தண்ணீர் விடலாம். ஆடியில் காற்று ஓங்கும். மேகம் தரையில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் மஞ்சும் சேர்ந்து, நாட்கணக்கில் சூரியனே தலைகாட்டாமல் இருப்பதும் உண்டு. செடிகள் அதிகமாக மடிவது வறண்ட காலத்தில் அல்ல, இந்த ஈரக்காலத்திலேதான்.

அதன் காரணத்தைப் பார்ப்போம். 20 டிகிரியில் 80 பங்கு ஈரமுள்ள காற்று, மாலையில் 16 டிகிரியை நெருங்கும்போதே நிறைநிலை அடைந்து, அதன் பின் கண்ணாடியிலும் இலையிலும் நீராகப் படியத் தொடங்குகிறது. கூரையிலிருந்து சொட்டும் அந்நீர் பலேனாப்சிஸின் நடுக்குருத்தில் தேங்கி இரவு முழுதும் நிற்குமாயின் குருத்து அழுகும். காட்டில் அச்செடி மரத்தில் சாய்ந்து தொங்குவதால் நீர் தானாகவே வழிந்துவிடுகிறது, தொட்டியில் நிமிர்ந்து நிற்கும்போது வழிய வகையில்லை. இதழ்களில் ஊசி முனையளவு பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும் போட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சணமும் இக்குளிர்ந்த ஈரத்தையே விரும்புகிறது. எனவே சூரியன் சாய்வதற்கு முன் மேல் ஜன்னல்களைத் திறந்து பகலின் வெது ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு, இரவிலும் சிறு மின்விசிறி ஒன்றினால் காற்றை மெல்ல அசைத்துக்கொண்டிருப்பது மருந்து தெளிப்பதைக் காட்டிலும் மேலான பாதுகாப்பு.

இவ்வளவையும் கருத்தில் கொண்டால் தண்ணீர் விடும் முறை எளிதாகிவிடும். மரக்கரி, ஓட்டுத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு முதலியவற்றை இட்டு, பக்கங்களிலும் துளையுள்ள தொட்டியில் வைத்த செடிக்கு, காலை வேளையில், அடித்துளை வழியே நீர் தாராளமாக வெளியேறும்வரை பூவாளியால் ஊற்ற வேண்டும். அவ்வாறு ஊற்றும்போது உரத்தினால் படிந்த உப்புகளும் கழுவப்பட்டுவிடும். உப்பு குறைந்த மழைநீரைச் சேமித்து வைத்து விடுவது உத்தமம். மறுபடி எப்போது விடுவது என்பதை நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. நீர் விட்டவுடன் தொட்டியைத் தூக்கிப் பார்த்து அதன் கனத்தை அறிந்து வைத்துக்கொண்டு, அது நன்றாக இலேசான பின்னரே மீண்டும் விட வேண்டும். தினந்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது மேற்பரப்பை நனைக்குமேயன்றி வேருக்குப் பயன்படாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, கண்ணாடிக் குப்பியிலிருந்து வெளிவரும் நாற்றுகள். ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு இல்லாமையால் காட்டில் பூஞ்சணத்தின் உதவியோடுதான் அது முளைக்கும். அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922இல் சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் பூஞ்சணம் இன்றியே விதைகளை முளைக்க வைத்துக் காட்டியதிலிருந்து, லட்சக்கணக்கான செடிகளைச் சோதனைச் சாலையிலேயே உற்பத்தி செய்வது சாத்தியமாயிற்று. குப்பிக்குள் உலர்ந்த காற்றையே அறியாமல் வளர்ந்த நாற்றின் இலை துவாரங்களைச் செவ்வனே மூடப் பழகியிராது. ஆகவே முதற்சில வாரங்கள் அதை 80, 90 பங்கு ஈரத்தில் வைத்து, பிறகு படிப்படியாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

இத்தகைய நாற்றுகள் விலைக்குத் தாராளமாகக் கிடைக்கும் இக்காலத்தில், சோலை மரங்களிலிருந்து ஆர்க்கிட்டைப் பிய்த்து எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தைல மரமும் சீகை மரமும் பைன் மரமும் பழைய புல்வெளிகளையும் சோலைகளின் ஓரங்களையும் ஆக்கிரமித்ததால் அவற்றின் இருப்பிடம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. பழனி மலைக் காடுகளின் பெரும்பகுதி 2013இல் கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், அங்கிருந்து செடி எடுப்பது சட்டப்படியும் குற்றம். பிய்த்து எடுத்த செடியின் வேர்கள் பட்டையோடு ஒட்டிய இடத்திலேயே அறுந்து போவதால், எவ்வளவு பக்குவமாகத் தண்ணீர் விட்டாலும் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. செண்பகனூர்த் தோட்டத்தையும் பிரையண்ட் பூங்காவின் கண்ணாடி மாளிகையையும் கண்டு ஆசை கொள்ளும் வாசகர்கள், வளர்ப்பகத்தில் பிறந்த செடி ஒன்றையும் உஷ்ணமானிகள் இரண்டையும் வாங்கிக்கொண்டு இக்கலையைத் தொடங்குவார்களாக. சோலையின் செடிகள் சோலையிலேயே இருக்கட்டும்.